சுவருக்கு வைத்த பஞ்சு

— சத்தம் இன்னுமா கேக்குதுங்க, சைதம்மா? சுவத்துக்குப் பஞ்சு வெச்சு நாலு நாளாச்சுங்களே.

— நான் ஒண்ணும் சொல்லலியே, அன்புசெல்வி. உள்ள வரட்டுமா?

— வாங்க, வாங்க. நீங்க வாசல்ல நின்னாலே எனக்குப் பக்குங்குதுங்க. போன மாசம் இப்படி வந்து நின்னுதான், மாநகராட்சில மனு குடுத்துட்டேன்னு சொன்னீங்க.

— குடுத்தேன்தான். காலைல எட்டு மணிக்கு ஆரம்பிச்சா பொழுதுக்கும் கடகடன்னு. ரெண்டு ஊட்டுக்கும் நடுவால ஒத்தைச் சுவரு. நான் எங்க போவேன், சொல்லு.

— உங்க மேல வருத்தமில்லீங்க. ரெண்டு தையல் மிஷினையும் நிறுத்தச் சொல்லீட்டா என்ன பண்றதுன்னு எங்க ஊட்டுக்காரருக்குச் சோறே எறங்கலீங்க.

— இது என்ன பஞ்சு?

— அவரு கட்டடம் இடிக்கற வேலைக்குப் போறாருங்கல்ல. ஒரு பழைய பனியன் கம்பெனிய இடிச்சாங்க. அங்க ஜெனரேட்டர் ரூம்ல, சத்தம் வெளிய போகக்கூடாதுன்னு சுவரு பூரா இந்தக் கண்ணாடிப் பஞ்சுப் பலகைங்க. குப்பைக்குப் போக லாரில ஏத்திட்டாங்களாம். இவரு கேட்டு எறக்கிக்கிட்டாரு.

— மேல துணி?

— சும்மா வெச்சா தூள் பறந்து ஒடம்பெல்லாம் அரிக்குமுங்க. அதான் பிளாஸ்டிக் தாள்ல சுத்தி ஒட்டிட்டு, வேஸ்ட் பனியன் துணில நானே ஒறை தெச்சேனுங்க. செவப்பும் பச்சையுமா, கண்டபடிக்கு இருக்குது.

— கெடக்குது. மூலையெல்லாம் சுருக்கம் உழுகாமத் தெச்சிருக்கற.

— அது உங்களுக்கு எப்படீங்க தெரியும்?

— இருபத்தெட்டு வருசம் பனியன் கம்பெனில தையல் செக்கிங்ல இருந்தேன், கண்ணு. உனக்கு நூல் அறுந்தாக் கூட சுவத்துக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரியும். கோத்துட்டாளா, ஏன் இன்னும் ஓட்டலன்னு காத்துட்டிருப்பேன்.

— இத்தன நாளு சொல்லவே இல்லீங்களே. சரி, இப்ப நிம்மதியாத் தூங்கறீங்களா?

— மனுவ நேத்து வாபஸ் வாங்கிட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்.

— சைதம்மா… ஒக்காருங்க. டீ வெக்கறேனுங்க.

— டீ அப்பறம் ஆகட்டும். என்ற ஊட்ல இப்ப ஒரு சத்தமும் இல்ல, கண்ணு. இருக்கவே முடியல. அந்தக் கத்திரிய இப்படிக் குடு, இனிமே பகல்ல நான் இங்கயே உக்காந்து நீ தெக்கறதுல நூல் பிசிறு வெட்டறேன்.