துப்பாமல் விழுங்கியது

கிரீமில் காப்பி மணம் ஏற்றத் தூள் தேவையில்லை. வறுத்த கொட்டையை முழுசாகப் போட்டு, குளிர்பெட்டியில் பதினெட்டு மணி நேரம் ஊறவைத்து வடித்தால் போதும். நிறம் மாறாது, மணம் மட்டும் ஏறும். இதை நான்தான் கண்டுபிடித்தேன் என்று நினைக்கிறேன். சரிபார்க்க என் குறிப்பேடு இருக்கிறது, மார்ச் நான்காம் தேதிப் பக்கம். மாலை வகுப்பில் தினமும் எழுதச் சொன்னார்கள்.

அடிலெய்ட் உணவுக் கண்காட்சியில் அந்தக் கிரீமுக்கு முதல் பரிசான நீல ரிப்பன் கிடைத்தது. அட்டையில் எங்கள் கிரீம் கடை முதலாளி லயல் பெத்திக்கின் பெயர் இருந்தது.

"அடுத்த தடவை உன் பேரைப் போட்டுடலாம், டாம்சின். மூஞ்சிய ஏன் தொங்கப்போட்டிருக்கே?" என்றார். இதை நான்கு முறை சொல்லியிருக்கிறார்.

இதய அறுவைக்குப் பிறகு மருத்துவர் அவருக்குக் காப்பியை நிறுத்திவிட்டார். ருசிபார்க்கும் மேசையில் நாங்கள் எல்லோருமே வாயிலிட்டதைத் துப்பிவிடுவோம். அவரும் துப்புவார். தன் பெயர் உள்ளதை மட்டும் விழுங்குவார்.

"தன் பிள்ளைய யாராவது துப்புவாங்களா?" என்று உடன் வேலை செய்யும் ரோவீனா சிரிப்பாள்.

அந்த வியாழக்கிழமை ஒரு கிண்ணத்தில் வெள்ளைப் பொடி கலந்தேன். காப்பியிலிருந்து பிரித்தெடுத்த கஃபீன் பொடி. கசப்பை ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் அலமாரியில் இருப்பது. 'லயல்' என்று சீட்டு ஒட்டி அவர் கையிலேயே கொடுத்தேன். தான் இதை எப்போது செய்தோம் என்று அவர் கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

"கசப்பு நாக்குல நல்லா நிக்குது. நான் செஞ்சதுலயே இதான் உருப்படி," என்று வழித்துத் தின்றார்.

கசப்பு கொஞ்சம் கூடிவிட்டதோ என்று எனக்கு இன்னமும் சந்தேகம்.

ஒரு மணி நேரத்துக்குள் மேசையருகே விழுந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சீட்டைப் பார்த்துவிட்டு, அவரே கலந்து அளவைத் தப்பவிட்டார் என்று எழுதிப் போலீஸ்காரர்கள் நீங்கள் வழக்கை மூடிவிட்டீர்கள்.

அதன்பிறகு ரோவீனா என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். "அந்த மனுஷன் ஒரு முட்டைகூட அவிச்சதில்லையே. இதை எப்படிச் செஞ்சாரு?"

அவளுக்குப் பயந்து நான் இங்கே வரவில்லை. லயல்மேல் எனக்குக் கோபமும் கிடையாது, பெயர் போடாததையெல்லாம் என்றோ மறந்துவிட்டேன். ஆனால் உங்கள் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது. 'தயாரித்தவர்: லயல் பெத்திக்.'

அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள்.