சேறு படாத சட்டை

போனா? இல்ல தம்பி, இன்னைக்குக் கொண்டாரல. வீட்லயே வெச்சுட்டேன். உங்க போன்ல சார்ஜ் தீந்துபோச்சாக்கும்? மைக் செட்டுக்காரர்கிட்ட கேளுங்க, வயர் குடுப்பாரு. அவசரம் இல்லைன்னா இப்படி வரப்புல உக்காருங்க. உங்க ஐஸ் பெட்டியெல்லாம் காலியாக இன்னும் ஒரு மணி நேரமாச்சும் ஆகும்.

நானா? நான் பதினோரு மணியிலேர்ந்து உக்காந்திருக்கேன். ஆமா, காத்துக்கிட்டுதான் இருக்கேன். யாருக்குன்னா, அதோ அந்தக் கூட்டத்துக்குத்தான். பொம்பள மாதிரி ரோஸ் கலர் பாவாடை கட்டி, மூஞ்சியில கரி பூசிக்கிட்டு ஆடுறாங்களே, அவங்க வந்து என்னைத் தூக்கிட்டுப் போவாங்கன்னு.

சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். நீங்க எந்த ஊரு? சோங்க்லாவா? கடல்கரை ஆளு, அதான் தெரியல. எங்க இசான் சீமையில ஆறாம் மாசம், மழைக்கு முன்னால, இதுதான் தம்பி. விதைநெல்லை வெச்சுக்கிட்டு எல்லாரும் மானத்தைப் பாத்துக்கிட்டு இருப்போம். மேல இருக்கிற மழைச்சாமிக்கு மறதி ஜாஸ்தி. வாணம் விட்டாத்தான் ஞாபகம் வரும். எவன் வாணம் ரொம்ப நேரம் மேல நிக்குதோ அவனைத் தோள்ல தூக்கி ஆடுவாங்க. எவனுது கிளம்பலையோ அவனையும் தூக்குவாங்க, ஆனா கொண்டுபோய் அந்தச் சேத்துல போடுவாங்க. தண்ணி லாரி விட்டு ரொப்பி வெச்சிருக்காங்க பாருங்க, அந்தப் பள்ளத்துலதான்.

அட, அது அவமானமே இல்ல. அதுல விழுந்து எந்திரிச்சவனுக்குத்தான் மொதல் கிளாஸ் சாராயம். போட்டவங்களும் கூடவே குதிச்சுருவாங்க. பத்து நிமிஷத்துல யார் ஜெயிச்சா, யார் தோத்தான்னு அடையாளமே தெரியாது.

என் வாணமா? கிளம்பலை தம்பி. வாணம் விடுற அந்த மூங்கில் ஏணி மேல வெச்சுத் திரியைப் பத்த வெச்சாங்க. புஸ்ஸுன்னு கொஞ்சம் புகை வந்துச்சு, அவ்வளவுதான். மைக்ல கூடச் சொன்னாரே, நீங்க கேக்கலையா? பூன்மா அண்ணன் வாணத்துக்கு இன்னைக்குத் தூக்கம் தெளியலன்னாரு. பூன்மா நான்தான். கோயில் ரோட்ல முடிவெட்டுற கடை இருக்கே, அது நம்மளுது. வாணம் சும்மா ஆசைக்குச் செய்யுறது. கடையில ஆள் இல்லாதப்போ பின்னால போயி கரி அரைக்கிறதும், வெடிமருந்து இடிக்கிறதும், மூங்கிலை உருட்டி உருட்டிப் பாக்குறதும். ரேயோங்ல மக வீட்டுக்குப் பேரனைப் பாத்துக்கப் போனா என் பொண்டாட்டி மாலி. மூணு வருஷமாச்சு. வீட்ல வேற என்ன இருக்கு எனக்கு?

பதினொண்ணுக்குப் புகைஞ்சுது. இப்ப மணி மூணு இருக்குமா? என் சட்டையைப் பாருங்க. இன்னும் வெள்ளையாவே இருக்கு.

தம்பி, அந்தப் பலகையில என்ன எழுதியிருக்காங்கன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன். கண்ணாடி இல்ல, அதையும் வீட்ல வெச்சுட்டேன். முந்நூத்திப் பன்னெண்டு செகண்டா? யாரு, பிரயூன் கூட்டமா? நல்லா இருக்கட்டும். அப்ப இந்த வருஷம் அவன்தான். என் பேருக்கு நேரா? கோடு போட்டிருக்கா. சரி, சரி.

அந்தப் பாவாடைக் கூட்டத்துல முன்னால ஆடுறவன்தான் பிரயூன். நானும் அவனும் இன்னும் மூணு பேரும், பத்தொம்பது வருஷம் ஒரே கூட்டம். மருந்து காயவைக்கிறது அவன் வேலை. துளை போடுறது என் வேலை. குழாய்ல மருந்தை இடிச்சு இறுக்கினப்புறம் நடுவுல நேரா ஒரு துளை போடணும். மசிரிழை சாஞ்சாலும் வாணம் வழி தப்பிரும். கத்தி பிடிக்கிற கையில்லையா, எனக்கு நல்லா வரும். ஊரே சொல்லும், பூன்மா போட்ட துளையில சூரியனைப் பாக்கலாம்னு. சொல்லிச் சொல்லி எனக்குத் தலையில ஏறிருச்சு, மறைக்கிறதுக்கு என்ன.

எட்டு வருஷத்துக்கு முன்னால ஊருக்கே பொதுவா ஒரு பெரிய வாணம் செஞ்சோம். நான் பாதித் துளையில இருக்கேன், கடைக்கு ஆள் வந்துட்டாங்க, பெரிய மனுஷங்க. அப்படியே போட்டுட்டுப் போயி முடி வெட்டிட்டு வந்து, அளவு பாக்காம மீதியைப் போட்டேன். சாஞ்சிருச்சு. கைக்குத் தெரிஞ்சிருச்சு தம்பி, அங்கேயே தெரிஞ்சிருச்சு. வாயைத் திறக்கல. போகும் போகும்னு இருந்துட்டேன்.

எங்க போகும்? பனமரத்து உசரம் போயி, திரும்பி, ரெண்டா ஒடைஞ்சு குளத்துல விழுந்துச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல, அது சாமி புண்ணியம். இவங்க நாலு பேரும் சிரிச்சுக்கிட்டே ஓடி வந்தாங்க. பிரயூன் ஒரு கையைப் பிடிச்சான், ஆளுக்கு ஒண்ணாப் பிடிச்சு என்னை அலாக்காத் தூக்கிட்டாங்க. எனக்கு என்ன வந்துச்சுன்னே தெரியல. காலை உதறினேன். தொடாதீங்கடா என்னைன்னு கத்தினேன். என் துளையில குத்தம் இல்ல, இவன் மருந்தை ஈரத்தோட குடுத்தான், இவனைக் கொண்டுபோய்ப் போடுங்கன்னு பிரயூனைக் காட்டிச் சொன்னேன். ஊர் மொத்தமும் நிக்குது. மைக் வேற பக்கத்துல இருந்துச்சு.

கீழ இறக்கி விட்டுட்டாங்க. தொப்புனு போட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. கண்ணாடிச் சாமானை வெக்கிற மாதிரி மெதுவா இறக்கினாங்க தம்பி.

பிரயூனா? அவனே நடந்துபோய்ச் சேத்துல இறங்கினான். இடுப்பு வரைக்கும் உக்காந்தான், எந்திரிச்சான், வீட்டுக்குப் போயிட்டான். ஒருத்தரும் சிரிக்கல. அன்னையிலேர்ந்து அவனுக்கு ஊர்ல ஈர மருந்து பிரயூன்னு பேரு ஆயிருச்சு. அவன் மகளைப் பொண்ணு பாக்க வந்தவங்ககிட்டக்கூட எவனோ அந்தப் பேரைத்தான் சொல்லி வழி காட்டியிருக்கான்.

சொல்லலையான்னா? சொல்லணும்னு நினைச்சேன். மறுநாள் சொல்லலாம்னு இருந்தேன், மறுநாள் அவன் வரல. அந்த மூணு பேரும் அவன்கூடப் போயிட்டாங்க. அப்புறம் அடுத்த வாரம், அடுத்த மாசம்னு, இப்படியே எட்டு வருஷம். அவன் முடி வெட்ட இருபது கிலோமீட்டர் பஸ் ஏறிப் போறான். மத்தவங்க எல்லாம் கடைக்கு வருவாங்க, கண்ணை மூடி உக்காந்து மழையைப் பத்திப் பேசுவாங்க, எந்திரிச்சுப் போவாங்க. ஊர்ல எல்லாத் தலையும் என் கையில பட்டதுதான். என் தோள்ல ஒருத்தன் கை போட்டு எட்டு வருஷமாச்சு.

சண்டையெல்லாம் இல்ல. ரொம்ப மரியாதை. அதுதான் தாங்கல.

தனியாத்தான் செஞ்சேன் அப்புறம். சின்னதுதான், ஒரு ஆள் தூக்குற அளவுக்கு. ஏணியில ஏத்த மட்டும் கோயில்லேர்ந்து ரெண்டு பேரை அனுப்புவாங்க. ஏழு வருஷமும் நேரா ஊசி மாதிரி போச்சு தம்பி. ரெண்டு தடவை பரிசுகூட வந்துச்சு. ஜெயிச்சவன் ஆடணுமே. தனியா எப்படி ஆடுறது? ஒரு வருஷம் ரெண்டு கையையும் தூக்கிப் பாத்தேன். பக்கத்துல பப்பாளிக்காய் இடிச்சுச் சாலட் வித்துக்கிட்டு இருந்த பொம்பள, கொசு கடிக்குதாண்ணேன்னு கேட்டா.

போன மாசம் மாலி போன்ல சொன்னா, போயி ஒரு வார்த்தை மன்னிச்சுருடான்னு சொல்லு, உன் வாயில முத்தா உதிந்துரும்னு. அவளுக்கென்ன, சொல்லிட்டா. எனக்கு வாயில வராது. எனக்குத் தெரிஞ்சது வாணம்தான்.

ஆமா, பிரயூன் வந்தான். நீங்களும் பாத்தீங்களா? புகைஞ்சு நின்னதும் அவன்தான் மொதல்ல வந்தான். வர்றான், தூக்கப் போறான்னு எந்திரிச்சு நின்னுட்டேன். அவன் நேரா வாணத்துக்கிட்டப் போனான். ஏணியிலேர்ந்து இறக்கச் சொல்லி, மருந்தை விரல்ல தேச்சான், மோந்து பாத்தான். அப்புறம் என்னைப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான்.

அவனுக்குத் தெரியாதா தம்பி? சித்திரை வெயில் பூரா காயவெச்ச மருந்துல ஈரம் எப்படி வரும்? நான்தான் நாலு நாள் நனைஞ்ச சாக்குல சுத்தி வெச்சேன். வெடிக்கக் கூடாது, யாருக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது, சும்மா புகையணும், அவ்வளவுதான். ஈர மருந்து பூன்மான்னு மைக்ல சொல்லட்டும், ஊர் சிரிக்கட்டும், அவன் பேரை நான் வாங்கிக்கிறேன், வந்து தூக்குங்கடான்னு.

அவன் என்ன பண்ணான் தெரியுமா? ரெண்டு கையையும் கூப்பினான். மழைக்காத்துதான் காரணம் அண்ணே, யாருக்கும் வர்றதுதான்னு, எல்லார் காதுலயும் விழற மாதிரி சொன்னான். சொல்லிட்டு ஆடப் போயிட்டான். என் மானத்தைக் காப்பாத்திட்டானாம். அவன் அப்படிச் சொன்னப்புறம் வேற எவன் என் மேல கை வெப்பான்?

என்ன, ஐஸ் பெட்டி காலியாயிருச்சா? கை காட்டுறாங்களே. சரி, கிளம்புங்க. தூரம் போகணும் நீங்க.

தம்பி, ஒரு நிமிஷம். ஐஸ் பெட்டி தூக்குற கைதானே, நல்ல பலம் இருக்கும். போறதுக்கு முன்னால என்னை அந்தப் பள்ளம் வரைக்கும் இழுத்துட்டுப் போயி ஒரு தள்ளு தள்ளிட்டுப் போறீங்களா? இல்ல, விளையாட்டுக்குச் சொல்லல. நானே இறங்கலாம்தான். அன்னைக்குப் பிரயூன் இறங்கினதைப் பாத்தேனே. தானா இறங்கினா யாரும் சிரிக்க மாட்டாங்க. நீங்க தள்ளுனா, யாருடா அது நம்ம ஆளைத் தள்ளுறதுன்னாச்சும் அவங்க திரும்பிப் பாப்பாங்கள்ல. பாத்தா ஒருவேளை ஓடி வருவாங்க.

இல்ல இல்ல, பையில ஒண்ணும் கிடையாது, பயப்படாமத் தள்ளுங்க. போன், கண்ணாடி எல்லாத்தையும் அதுக்குத்தானே காலையிலயே வீட்ல வெச்சுட்டு வந்தேன்.