படகில் ஒரு லத்தீன் சொல்

– குலசிங்கம் அண்ணை, படகில இதென்ன எழுதி வைச்சிருக்கிறீங்கள்?

– ஏன் றெஜினா, வடிவா இல்லையோ? நிழலும் போட்டனான்.

– எழுத்து வடிவுதான். சொல்தான் வேற. நான் துண்டில தந்தது ‘எக்ஸ்பெக்தோ’. நீங்கள் எழுதினது ‘எக்ஸ்பிரோ’.

– துண்டில பிளேன்ரீ ஊத்துப்பட்டுப் போச்சு பிள்ளை. இங்கிலீசு எழுத்தில முதல் மூண்டும் கடைசி ஓவும்தான் தப்பினது. பால்மாப் பேணியில ‘எக்ஸ்பயர்’ எண்டு கிடந்தது. லத்தீனும் அதுக்குச் சொந்தக்காரன்தானே எண்டு நினைச்சன்.

– சொந்தக்காரன்தான். ஃபாதர் பாத்திட்டு நெத்தியில கை வைச்சிட்டார். மூச்சை வெளியில விடுறனெண்டு கருத்தாம். கடைசி மூச்சை.

– கடலுக்குப் போற படகில.

– அதுவும் என்ர மனுசன்ர படகில.

– என்ர கையை முறிக்கோணும். தமிழிலயே பிழை விடுறவன் நான். போன மாசம் சல்லிக் கோயிலில ‘முத்துமாரி’யை ‘முத்துமாறி’ ஆக்கிப்போட்டன். முத்து என்னவா மாறினதெண்டு ஊரே கேக்குது.

– பகிடி வேண்டாம் அண்ணை.

– சரி. தின்னர் கொண்டந்தனான், இப்பவே அழிக்கிறன். அந்த மற்றச் சொல்லுக்கு என்ன கருத்து?

– காத்திருக்கிறன். ‘எக்ஸ்’ எண்டா வெளியில, ‘ஸ்பெக்தோ’ எண்டா பாக்கிறன். வெளியில பாத்துக்கொண்டு நிக்கிறதாம்.

– இதுக்கேன் லத்தீன்? எங்கட ‘எதிர்பார்’க்குள்ளயும் அந்தப் பார்வைதானே கிடக்கு.

– தமிழில எழுதினா வாற போற எல்லாரும் வாசிப்பினம்.

– வாசிச்சா என்ன?

– ஒண்டுமில்லை. அழியுங்கோ.

– பிள்ளை, ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. இந்தப் படகு கட்டைபறிச்சான் கரையில ஆளில்லாம ஒதுங்கி ஏழு வருசம். அண்டைக்கு உங்கட அந்தோனியோட நானும் கடலுக்குப் போயிருக்கவேணும். குடிவெறியில படுத்திட்டன். அதுக்குப் பிறகு இறங்குதுறைக்கு வாற ஒவ்வொரு படகையும், பேர் வாசிக்கிற சாட்டில எட்டிப் பாக்கிறனான். வேற ஆரிட்டயும் கேக்க ஏலாது. அவன் வருவானெண்டு நீங்கள் நம்புறீங்களோ?

– இண்டைக்குக் காத்து கூட, என்ன?

– காத்தைக் கேக்கேல்ல, றெஜினா.

– இல்லை அண்ணை. நம்பேல்ல. படகை என்ர பேருக்கு மாத்த, போன திங்கள் அவற்ற மரணச் சான்றிதழுக்குக் கையெழுத்து வைச்சிட்டன். அந்த வெக்கத்துக்குத்தான் காத்திருக்கிறனெண்டு எழுதச் சொன்னனான். எழுதினது அப்பிடியே கிடக்கட்டும், தின்னர்ப் போத்திலை மூடுங்கோ.