எந்த பாஷையில் எண்ணுவது

நிக்டியிலிருந்து வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்குப் பருத்த உடம்பு. மிச்சமிருந்த இடத்தில் தங்கை ஒரு காலை வெளியே வைத்து, மடியில் துணிப்பையோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் மராத்திப் பேச்சு. தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்று தாராளமாகவே பேசினார்கள்.

“நாளைக்கு மயக்க மருந்து குடுக்கறப்ப நூறுலேர்ந்து பின்னாடி எண்ணச் சொல்வாங்களாம். எந்த பாஷைல எண்ணறதுன்னே தெரியலடி” என்றாள் அக்கா.

“மராத்தில எண்ணுக்கா. டாக்டருக்குப் புரியும்.”

“பயந்தா எனக்குத் தமிழ்தான் வருது.”

“என்ன பயம்? இரைப்பையச் சின்னதாக்கறாங்க, அவ்ளோதான். எடை கொறையறதுக்கு எத்தனையோ பேர் பண்ணிக்கறாங்க.”

அக்கா முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

“பாப்பாகிட்ட சொல்லிட்டியா?”

“பித்தப்பைல கல்லுன்னு சொல்லிவெச்சிருக்கேன்.”

“ஏன்க்கா பொய் சொன்ன?”

“போன மாசம் ஸ்கூல் மீட்டிங்குக்கு நீ வராதம்மா, அப்பா வரட்டும்னா. இப்ப இந்த ஆபரேஷன்னு தெரிஞ்சா, தன்னாலதான்னு நெனப்பா. எனக்கு ஏதாவது ஆயிட்டா, அந்த நெனப்போடயே அவ வளரணும்.”

தங்கை பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அவ சொன்னதுக்காகத்தான் பண்ணிக்கறியா?”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“சுகரும் கொறையும்னு டாக்டர் சொன்னார்ல” என்றாள்.