கேட்டின் வெளிப்பக்கம் கட்டிய வேப்பிலை

ஓடுகிறேன். நெஞ்சோடு மல்லிகா. சேலைத் தலைப்பால் அவளை என்னோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருக்கிறேன். வாட்டில் மரக் காட்டுக்குள் பனி இன்னும் கலையவில்லை. பின்னால் ஜீப் உறுமுகிறது. நிற்கிறது. மறுபடி உறுமுகிறது. சேற்றில் சக்கரம் சுற்றுகிற சத்தம். நல்லது. அங்கேயே கிடக்கட்டும்.

“ஏலே, பிடிங்கலே அவள! கேட்டத் தாண்ட விடாதீங்க!”

அது சின்னராசு மேஸ்திரி. எங்களைக் காட்டில் வைத்து வேலை வாங்கியவன்.

“பார்வதி, நிக்காத! வெரசா போ!”

அது என் புருஷன் ராமையா. அவரை இரண்டு பேர் பிடித்து வைத்திருந்தார்கள். அடி விழுந்த சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

1984. மாசி மாதம். கொடைக்கானல் மலையில் பேத்துப்பாறைக்கு மேலே உள்ள காடு. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நான் ஓடிய இரண்டாவது ஓட்டம் இது. முதல் ஓட்டம் போன ஆடியில். இலங்கையில். பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். கலவரத்தில் எங்கள் லயத்துக்கு, தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, தீ வைத்தார்கள். தகரம் வெடிக்கிற சத்தம் பட்டாசு மாதிரி கேட்டது. என் தம்பி கணேசன் மாட்டை அவிழ்த்துவிடப் போனான். மாடு வந்தது. அவன் வரவில்லை. அப்போது மல்லிகா என் வயிற்றில் இருந்தாள்.

பிறகு கப்பல். பிறகு மண்டபம் அகதி முகாம். அங்கேதான் அவள் பிறந்தாள். “தாய்நாட்டுக்கு வந்துட்டீங்க” என்று ஓர் அதிகாரி சிரித்தார். என் தாத்தா விட்டுப்போன நாடு. எனக்கு அது பரதேசம். பஸ்ஸில் எந்தப் பக்கம் ஏறுவது என்றுகூடத் தெரியாது. மலைக்காட்டில் வேலை, வீடு தருகிறோம் என்று ஒரு லாரி வந்தது. மலை என்றதும் ஏறிவிட்டோம். எங்களுக்குத் தெரிந்தது மலைதானே.

வேலை, வாட்டில் மரத்தை வெட்டிப் பட்டை உரிப்பது. வீடு, பிளாஸ்டிக் தாள் போட்ட குடிசை வரிசை. அதையும் லயம் என்றே கூப்பிட்டோம். காட்டுப் பாதையின் முனையில் மூங்கில் கேட். அதைத் தாண்டக் கூடாது. கூப்பு, அதாவது மரம் வெட்டும் குத்தகை, முடிகிற வரைக்கும் யாரும் வெளியே போகக் கூடாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டான். அரிசியும் பருப்பும் அவன் ஜீப்பிலேயே வரும். அவனுக்குச் சொந்த ஊர் கீழே பழனிப் பக்கத்து ஆயக்குடி. வரும்போதெல்லாம் கொய்யாப்பழம் கொண்டு வருவான். எங்கள் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று தின்பான்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா என்று ஒன்று உண்டு. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவோம். ஊசி போடுகிறவர் அங்கேயே வருவார். சாயங்காலம் பிள்ளையைத் தூக்கும்போதுதான் தொடையில் வீக்கம் தெரியும். ஊசி நம்மைத் தேடி வரும். அப்படித்தான் வளர்ந்தோம். அதனால் இங்கேயும் காத்திருந்தோம். தை போனது. ஊசி வரவில்லை. ஊசிக்காரரைத் தேடி நாம்தான் போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட் இருந்தது. “தாய்க்காரி நீதான் பார்த்திருக்கணும்” என்று பின்னால் என்னிடம் சொன்னவர்கள் உண்டு. ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பழியைச் சுமக்க வேண்டியவன் வேறு.

மாசியில் இருமல் வந்தது. முதலில் பக்கத்துக் குடிசை மாரியாயியின் பையன் குமாருக்கு. கக்குவான் இருமல். கொக், கொக், கொக், கொக் என்று விடாமல் இருமுவான். முகம் நீலம் பூக்கும். கடைசியில் மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு நீளமான ஊளை. ராத்திரியெல்லாம் அந்த ஊளை குடிசை குடிசையாகப் போனது. தகரம் வெடித்த சத்தத்தை விட அதுதான் எனக்குப் பயம். பிறகு மல்லிகாவும் ஊளையிட்டாள். விடிந்ததும் அவளைக் கட்டிக்கொண்டு ஓடினேன்.

கேட். மூங்கிலுக்கு அடியில் குனிகிறேன். அந்தப் பக்கம் நிமிர்கிறேன். அப்போதுதான் பார்த்தேன்.

கேட்டின் வெளிப்பக்கம் வேப்பிலை. கொத்துக் கொத்தாய். ரோட்டைப் பார்த்தபடி. மேல் கொத்து பச்சை. அடியில் பழையது, காய்ந்து சருகாகிக் கிடந்தது. மாதக்கணக்கில் மாற்றி மாற்றிக் கட்டியிருக்கிறார்கள்.

அம்மை கண்ட வீட்டில்தானே வேப்பிலை கட்டுவார்கள்? எங்கள் லயத்தில் யாருக்கும் அம்மை இல்லை. அதோடு இந்தக் குளிரில் வேப்பமரம் ஏது? காடு முழுக்கத் தேடினாலும் ஒரு வேப்பங்குச்சி கிடைக்காது. கீழே பழனிப் பக்கம்தான் உண்டு. ஜீப் வரும் வழி. ஒரு கொத்தைப் பிய்த்து இடுப்பில் செருகினேன். ஓடினேன்.

பேத்துப்பாறையில் ஊசி போடும் இடம். நர்ஸம்மா அடுப்பில் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். என் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

“சிலோன்காரங்களா? வாட்டில் கூப்புலருந்தா வாரீங்க? ஏம்மா, அங்க அம்மை இறங்கிருச்சா?”

“எங்களுக்கு அம்மையே வரல்லீங்க.”

“என்னம்மா சொல்றீங்க? நான் ரெண்டு மாசமும் ஐஸ் பெட்டியத் தூக்கிட்டு உங்க கேட்டு வரைக்கும் வந்தேனே. வேப்பிலை கட்டிக் கெடக்கு. உள்ள ஆத்தா வந்திருக்கா, இப்ப ஊசி குத்தினா ஆகாது, இறங்கினதும் சொல்லி விடுறோம்னாரு மேஸ்திரி. அவரு மகனுக்குக் கூட மூணு ஊசியும் போட்டாச்சு. ஜீப்புல வெள்ளனே கூட்டிட்டு வந்துட்டாரே!”

இடுப்பிலிருந்த கொத்தை எடுத்து மேசைமேல் போட்டேன். அந்தம்மா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார்.

வெளியாள் ஒருவர் உள்ளே வந்தால் எங்களை அடைத்து வைத்திருப்பது ஊருக்குத் தெரிந்துவிடும். அதற்காக அம்மன் பேரில் பொய் கட்டினான். தன் பிள்ளைக்கு மட்டும் ஊசி.

மல்லிகாவுக்கு இனி தடுப்பூசி உதவாது, கொடைக்கானல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார் நர்ஸம்மா. அவரே ரோட்டில் நின்று பூண்டு லாரியைக் கை காட்டி நிறுத்தினார். மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். பெருமாள்மலையில் லாரி திரும்புகிறது. அவள் இருமுகிறாள். கொக், கொக், கொக். நிற்கிறது. மூச்சை உள்ளே இழுக்கும் அந்த ஊளைக்காகக் காத்திருக்கிறேன். எவ்வளவு வெறுத்த சத்தம். வா என்கிறேன். வரவில்லை. லாரி சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் நர்ஸம்மா ஆட்களோடு மேலே வந்தார். கேட்டைப் பிடுங்கி எறிந்தார்கள். மிச்சப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டார்கள். குமாருக்கும், அதே லயத்துத் தங்கம்மாவின் பச்சைப் பிள்ளைக்கும் அது எட்டவில்லை; இருமலே கொண்டுபோய்விட்டது. கேஸ் என்றார்கள். விசாரணை என்றார்கள். சின்னராசு வேறு காட்டுக்கு மேஸ்திரியாகப் போனான். அவ்வளவுதான் தண்டனை.

நாங்கள் பேத்துப்பாறையிலேயே குடிசை போட்டோம். ராமையா பூண்டு மூட்டை ஏற்றினார். அடுத்த வருஷம் மகன் பிறந்தான். ஊசி போடும் நாளில் கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்பேன். “அந்த சிலோன்காரிக்கு என்ன அவசரம், ஊசி தீர்ந்தா போயிரும்?” என்று வரிசையில் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். சொட்டு மருந்து. முத்தடுப்பு ஊசி. ராத்திரி அவனுக்குக் காய்ச்சல் அடித்தால் எனக்குச் சந்தோஷம். மருந்து உள்ளே வேலை செய்கிறது என்று அர்த்தம். அவன் அழுதபோதெல்லாம் நான் சின்னராசுவை நினைத்துக்கொண்டேன். மறக்காமல் இருக்கப் பழகினேன்.

1987. லாரிக்காரர் ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். சின்னராசு தன் மகனுக்குப் பழனியில் மொட்டை போட்டுக் காது குத்துகிறானாம். மண்டபம் பிடித்து, கிடா வெட்டி விருந்தாம். ராமையா போகாதே என்றார். முதல் பஸ்ஸில் மலை இறங்கினேன்.

பழனியில் வேப்பமரத்துக்குப் பஞ்சமில்லை. கை நிறைய ஒடித்தேன். மண்டபத்து வாசலில் வாழை மரத்தோடு சேர்த்துக் கட்டினேன். ஜனங்கள் குதிரைவண்டியில் வந்து இறங்குகிறார்கள். நடு வாசலில் நின்று கத்தினேன்.

“உள்ள போகாதீங்க! பிள்ளைகளோட போகாதீங்க! ஆத்தா வந்திருக்கா!”

முதலில் இறங்கியவள் கைப்பிள்ளைக்காரி. படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டாள். “அம்மை போட்ட வீட்டுல விசேஷம் வைப்பாகளா?” என்று பின்னால் ஒரு பெரியவர் சத்தம் போட்டார். வண்டிகள் திரும்பின. மேளம் நின்றது. சின்னராசு பட்டு வேட்டியோடு ஓடி வந்தான்.

“பொய்! யாரோ வேணும்னு கட்டிருக்காங்க! இங்க யாருக்கும் அம்மை இல்ல!”

“கூப்புல மட்டும் யாருக்கு இருந்துச்சு?” என்று கேட்டேன்.

என்னை அடையாளம் தெரிந்துகொண்டான். முகம் வெளுத்தது. நான் நிறுத்தவில்லை. கேட், வேப்பிலை, ஊசி, மூன்று பிள்ளைகள் பெயர், எல்லாவற்றையும் அவன் மாமனார் வீட்டார் காதில் விழும்படி சொன்னேன். அவன் பெண்டாட்டி அவனைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். என் வயிறு குளிர்ந்தது. அந்தப் பையன் மொட்டைத் தலையோடு மாமன் மடியில் அழுதுகொண்டிருந்தான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் நன்றாக இருக்கட்டும். அவன் அப்பன் அதைத் தினமும் பார்க்கட்டும், என் மகள் இல்லாததை நான் பார்ப்பது மாதிரி.

போதுமா என்று ராமையா கேட்டார். போதாது. இன்றைக்கும் போதாது. மன்னித்துவிடு என்று சொல்கிறவர்கள் யாரும் அந்த லாரியில் ஏறியவர்கள் இல்லை.

இழந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கடலுக்கு அந்தப் பக்கம்: நாங்கள் பிறந்த லயம். என் தம்பி கணேசன். இந்தப் பக்கம்: மாரியாயியின் மகன் குமார். தங்கம்மாவின் பிள்ளை, அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. என் மகள் மல்லிகா. மூன்று பேருக்கும் போதுமான மருந்து ஐஸ் பெட்டியில் எங்கள் கேட் வரைக்கும் வந்தது. இரண்டு முறை வந்தது. கேட்டிலிருந்து லயம் கூப்பிடு தூரம்தான்.