அண்ணனுடைய ஜாய்ஸ்டிக்

பிற்பகல் இரண்டரை மணி... பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். சாலையில் ஈ காக்கை இல்லை. அப்படியொரு வெயில். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு ஒருவர் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தார்.

என்னோடு வேலை பார்ப்பவரின் அக்கா வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். அவருடைய அண்ணன் மூளையில் ரத்தம் கசிந்து, மூன்று வாரமாக நினைவில்லாமல் கிடந்தார். மூக்கில் குழாய். பக்கத்தில் மெஷின்... புஸ்... புஸ்... பிழைப்பாரா மாட்டாரா, டாக்டரும் பிடி கொடுக்கவில்லை. தம்பியின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்கள். அதுவும் அவருக்கு உறைக்கவில்லை. ஆள் மரத்துப்போயிருந்தார்.

வீட்டில் யாரும் இல்லை. மனைவி அண்ணிக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்தாள். எத்தனை முறை கழுவியும் கையிலிருந்து மருந்து நெடி போகவில்லை. தூக்கமும் வரவில்லை. டிவியைப் போட்டார்.

சின்ன வயதில் அண்ணனும் தம்பியும் சாப்பாடு தூக்கம் மறந்து ஆடிய வீடியோ கேம் ஒன்று. துப்பாக்கியோடு ஓடும் இரண்டு வீரர்கள். சிவப்பு தம்பி, நீலம் அண்ணன். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஆடுவார் நம்ம ஆள். அதை யாரோ ரசிகர்கள் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, மாற்றிக் கட்டி, இணையத்தில் போட்டிருந்தார்கள். அண்ணனோடு சேர்ந்து ஆட வேண்டும் என்று இறக்கி வைத்திருந்தார். இப்போது 'ஒருவர் ஆட்டம்' என்பதை அழுத்தினார். அண்ணனுடைய ஜாய்ஸ்டிக் அலமாரியில், டப்பாவுக்குள், வயர் சுற்றியபடி கிடந்தது.

முதல் பள்ளத்திலேயே மண்ணைக் கவ்வினார். பள்ளத்தை நகர்த்தி வைத்திருந்தார்கள், படுபாவிகள். கை பழைய இடத்தில் தாவியது... ஆள் புதுப் பள்ளத்தில் விழுந்தான். ஒரு லைஃப் போச்சு, ஆட்டத்தில் அதுதான் உயிர். அடுத்ததிலும் அதே கதை.

அப்போது திரையின் இடது ஓரத்தில் நீலம் வந்து நின்றது.

கம்ப்யூட்டரே ஆடுகிறது போல, இதுவும் புது ஏற்பாடு என்று நினைத்தார். நீலம் பள்ளத்தின் விளிம்புக்குப் போனது. இரண்டு முறை குனிந்து எழுந்தது. தாவியது.

அண்ணன் அப்படித்தான் செய்வார். நான் முன்னாடி போகிறேன், நீ பார்த்து வா என்று அதற்கு அர்த்தம். அவர்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

டொக்.

அலமாரிக்குள்ளிருந்து வந்தது. அண்ணனுடைய ஜாய்ஸ்டிக்கில் ஒரு பட்டன் எப்போதோ ஆடிப்போயிருந்தது, அழுத்தினால் டொக் என்னும். இன்னொன்று நல்ல பட்டன், அது டிக் என்னும். அவர் எழுந்து பார்க்கவில்லை. பயம்கூட வரவில்லை.

"வந்துட்டியாண்ணே" என்றார்.

நீலம் வழி காட்டியது, சிவப்பு பின்னால் போனது. ஆனாலும் பழக்கப்பட்ட கை பழைய இடத்திலேயே தாவித் தாவி, லைஃப் எல்லாம் தீர்ந்தது. நீலத்திடம் மிச்சம் ஒன்றே ஒன்று.

அந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. நம்முடையது தீர்ந்தால், இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தி, கூட ஆடுகிறவரின் லைஃபை எடுத்துக்கொள்ளலாம். கேட்க வேண்டியதில்லை. ரசிகர்கள் இதை மட்டும் மாற்றவில்லை. சின்ன வயதில் எடுப்பது எப்போதும் தம்பிதான். "நீ ஆடுடா, நான் பாக்குறேன்" என்பார் அண்ணன். அவர் ஒருநாளும் தம்பியிடம் எடுத்ததில்லை.

யோசிப்பதற்குள் கட்டைவிரல் இரண்டையும் அழுத்திவிட்டது.

நீலம் மறைந்தது. சிவப்பு எழுந்து நின்றது... போன் அடித்தது.

"ஏங்க... உங்கண்ணன்..." அதற்கு மேல் மனைவியால் பேச முடியவில்லை.

"சரி" என்றார். ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்தார். அப்போதும் அழுகை வரவில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. அந்த டிவியை அவர் அணைக்கவே இல்லை. கரண்ட் போனாலும் அணையாதபடி பேட்டரி மாட்டிவிட்டார். திரையில் சிவப்பு அசையாமல் நிற்கும். மூலையில் அந்த ஒரு லைஃப். அண்ணனுடையது, தொலைக்க மனசில்லை என்பார்.

ராத்திரியில் அலமாரிக்குள் டொக் என்று கேட்கும். படுத்தபடியே, "எடுத்துக்கோண்ணே" என்பார். சத்தம் நின்றுவிடும். எப்போதும் அந்த ஒரு பட்டன்தான்.

போன வாரம் மனைவி விழித்துக்கொண்டாள்.

"ஏங்க... இன்னைக்கு டிக்குன்னும் சேர்ந்து கேக்குதே?"

பக்கத்தில் கையை நீட்டினாள். தொட்டுப் பார்த்தாள், மூச்சில்லை. பதறி ஹாலுக்கு ஓடினாள், போனை எடுக்க. டிவி வெளிச்சத்தில் எல்லாம் தெரிந்தது.

திரையில் சிவப்பு இல்லை. பள்ளத்தின் விளிம்பில் நீலம் நின்றிருந்தது. இரண்டு முறை குனிந்து எழுந்தது.