மூன்றாவது சிலிண்டரின் படி

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. ஓர் அட்டையை நாலாக மடித்து அடியில் கொடுத்தால் ஆடாது. டீ வேண்டாம் இன்ஸ்பெக்டர் ஐயா, கை நடுங்கும், மேஜையில் கொட்டிவிடுவேன். யாரும் என்னை இழுத்து வரவில்லை. மனசாட்சி உறுத்தியது, நானாக வந்தேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

டீசல் இஞ்சின் பிளாக்குகளைக் கடைவது என் வேலை. இருபத்தாறு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் லைனர் என்று ஓர் இரும்புக் குழாய் இறங்கும். அதன் கழுத்து விளிம்பு உட்காருவதற்கு பிளாக்கின் வாயில் வட்டமாக ஒரு படி வெட்டுவேன். விளிம்பு சுற்றிலும் படியில் ஒட்டி உட்கார வேண்டும். அடியில் எங்காவது பள்ளம் இருந்தால், மேலே ஹெட் என்கிற மூடியை வைத்து போல்ட்டை முறுக்கிய பிறகு, பாரம் ஏறும்போது அந்த இடத்தில் விளிம்பு விரிந்துவிடும். தண்ணீர் உள்ளே இறங்கும். இஞ்சின் இறுகி நின்றுவிடும்.

போன வருஷம் என் வலது கை நடுங்க ஆரம்பித்தது. யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் திரும்பினால், ஃபிட்டர் பின்னால் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிட்டர் வேறு யாருமில்லை, என் தங்கையின் கணவர்தான். நான் வெட்டுவேன், அவர் பூட்டுவார். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலாளியின் அறைக்குள் அவர் நுழையும்போதெல்லாம் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வேன். சொல்லித் தொலைத்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். சொல்லவே இல்லை. இன்றைக்குச் சொல்வாரோ, நாளைக்குச் சொல்வாரோ என்று பத்து மாதம் பயந்து செத்தேன். இந்தக் கை போனால் நான் யார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அதனால் அவர் முந்துவதற்குள் நான் முந்த வேண்டியிருந்தது. அவர் பூட்டிய இஞ்சின் ஒன்று கெட்டால் போதும், அப்புறம் அவர் பேச்சை யார் காதில் போட்டுக்கொள்வார்கள்?

ஆற்றைக் கடக்கும் பயணிகள் படகின் இஞ்சின் வேலைக்கு வந்தது. படியின் ஆழத்தை மாப்பிள்ளை டயல் கேஜ் என்கிற முள் அளவியை வைத்து நாலு இடத்தில் பார்ப்பார். எப்போதும் அதே நாலு இடம். மூன்றாவது சிலிண்டரில் அந்த நாலையும் சுத்தமாக விட்டுவிட்டு, இரண்டுக்கு நடுவே சுரண்டியால் இரண்டு விரல் அகலத்துக்குப் பள்ளம் எடுத்தேன். அன்று கை நடுங்கவே இல்லை. இப்போது நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

விளிம்பு முழுக்கப் பதிகிறதா என்று நீல மை தடவிப் பார்ப்பது என் பொறுப்பு.

"மை பாத்தாச்சா மச்சான்?"

"பாத்தாச்சு மாப்பிள்ள. பூட்டுங்க."

பட்டறையில் ஓட்டிப் பார்க்கும்போதே கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பட்டறையில் பாரம் ஏற்றாமல்தான் ஓட்டுவோம். முழு பாரமும் விழுவது நடு ஆற்றில்தான். இருபத்தாறு வருஷக்காரனுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். எந்த இஞ்சினைப் பூட்டினாலும் முதல் நாள் முழுக்க மாப்பிள்ளை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார் என்பதும் தெரியும்.

தங்கை வருவாள் என்பதுதான் தெரியாது. இஞ்சினை இறக்கிவைக்க நானும் படகுத்துறைக்குப் போயிருந்தேன். அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், படகில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அண்ணே, நானும் ஒரு சுத்து போயிட்டு வரேன். எட்டு வருஷமா இஞ்சின் இஞ்சின்னு உயிர விடுறாரு. என் சக்களத்தி எப்படி இருக்கான்னு நான் பாக்க வேணாமா?"

தடுத்தால் காரணம் கேட்பாள். என்ன காரணம் சொல்வது?

"முடிய முடிஞ்சுக்கம்மா. பெல்ட்டுல மாட்டிக்கும்" என்றேன். அண்ணனாக என்னால் முடிந்ததைச் சொன்னேன்.

நடு ஆற்றில் இஞ்சின் நின்றது. நீரோட்டம் படகை இழுத்துப்போய்ப் பாலத்தூணில் மோதியது. பதினொரு பேர். தங்கையை இரண்டாம் நாள்தான் எடுத்தார்கள். முடி முடிந்தபடியே இருந்தது.

மாப்பிள்ளை மூச்சோடு கிடைத்தார், நினைவு மட்டும் இல்லை. இன்று காலையில் கண் விழித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அதற்கும் நான் இங்கே வந்ததற்கும் சம்பந்தமில்லை. உண்மையைச் சொல்ல நேரம் காலம் உண்டா என்ன?

அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது? அவர் சொன்னதா? வாசியுங்கள், கேட்கிறேன்.

"மச்சான் வேலையில ஒரு குறையும் இல்ல. கொஞ்ச நாளா அவரு கை நடுங்குது, எனக்குத் தெரியும். ஆழம் கூடிப்போனா நானே அடியில தகடு வெட்டிப் போட்டுச் சரிபண்ணிடுவேன். சொன்னா மனசு உடைஞ்சுருவாருன்னு யார்கிட்டயும் சொல்லல. இந்தத் தடவ நான்தான் சரியா பாக்காம விட்டுட்டேன். தப்பு என்னோடது."

அவ்வளவுதானா? வேறு ஒன்றும் சொல்லவில்லையா?

நான் வந்து உட்கார்ந்ததுமே இதை வாசித்திருக்கலாமே, ஐயா. நான் இவ்வளவு பேசியிருக்க வேண்டியதே இல்லை.